உடும்பூர் விமானப்படையின் தாத்தாக்கள்

ஜூன் 2, திங்கள்

மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு மகள் சிவரஞ்சனியோடு இன்று காலை வந்து இறங்கிவிட்டார். இரண்டு பெட்டி, ஒரு பெரிய கம்ப்யூட்டர், ஆட்டோ கியர் மாதிரி ஒரு குச்சி. குச்சி எதற்கு என்று மகளிடம் கேட்டேன். "விமானம் ஓட்டுறதுக்குப்பா" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

வேலையை அவர் விட்டாரா, வேலை அவரை விட்டதா என்பதும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் அதையெல்லாம் நேரில் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. எனக்கு ஒரே மகள். உடும்பூர் கடைவீதியில் முப்பது வருடமாகப் பெயிண்ட் கடை. முழங்கால் இரண்டும் மாடிப்படி ஏற மாட்டேன் என்கின்றன. நடக்கிறது நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கல்லாவுக்கு ஆள் வந்தாயிற்று.

ஜூன் 5, வியாழன்

ஆள் மாடி அறையை விட்டு இறங்கவில்லை.

"சிவரஞ்சனி, உங்க வீட்டுக்காரருக்குப் பொழுது போகலைன்னா கடைப்பக்கம் வரச் சொல்லு" என்றேன். அவர் என் எதிரே உட்கார்ந்துதான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் அவர் பக்கம் திரும்பி, "கடைக்கு வரணுமாம்" என்றாள். அவர் மகளிடம், "வர்றேன்னு சொல்லு" என்றார். நான், "சரின்னு சொல்லு" என்றேன். என் மனைவி முப்பிடாதி சட்னியை நடுவில் வைத்துவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜூன் 11, புதன்

ஏசி மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனபோது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டேன். விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார். நிஜ விமானத்துக்கு அல்ல, கம்ப்யூட்டர் விமானத்துக்கு. உலகம் முழுக்க இதில் ஆட்கள் இருக்கிறார்களாம். வீட்டில் உட்கார்ந்து விமானம் ஓட்டுவார்கள். அந்த விமானத்துக்கு அவரவர் இஷ்டத்துக்கு நிறம், சின்னம், எண் போட்டு மேல்தோல் ஒன்று செய்வார்கள். அதற்கு 'ஸ்கின்' என்று பெயர். காசு கிடையாது. அதைக் கேட்டபோது எனக்கு முழங்கால் கூடுதலாக வலித்தது.

இவர் அதிலும் ஒரு படி மேலே. உலகத்தில் இல்லாத நாட்டுக்கு விமானப்படை செய்கிறார். அந்த நாடு எது என்று பார்த்தால், உடும்பூர். 1947-ல் நம் ஊர் ஜமீன் இந்தியாவோடு சேராமல் தனி நாடாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்திருக்கிறார். ஒன்பது வருடம் தனி நாடு. உலகப் போர் முடிந்து மலிவாகக் கிடைத்த ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானம் நான்கு. வால் பக்கம் ஜமீன் சின்னமான உடும்பு. இந்த ஜமீனில் இன்று மிச்சம் இருப்பது ஓட்டை விழுந்த அரண்மனையும் ஒரு கல்யாண மண்டபமும்தான். அதற்கு விமானப்படை.

அதுகூடப் பரவாயில்லை. அடித்திருந்த பெயிண்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பளபளவென்று கடல் நீலம். ஓரமெல்லாம் கத்தி வைத்து வெட்டியது போல.

"சிவரஞ்சனி, பதினோரு கிராமம் வச்சிருக்கிற நாட்டுக்கு இந்த நீலம் எங்கிருந்து வந்துதுன்னு கேளு."

மகள் கீழே இருந்தாள். அறையில் நானும் மாப்பிள்ளையும் மெக்கானிக்கும் மட்டும். மெக்கானிக், "கேக்காங்க" என்று மாப்பிள்ளையிடம் சொன்னான்.

நான் ஏசியைப் பார்த்துக்கொண்டே பேசினேன். பழைய விமானத்தைக் கடனில் வாங்கினவன் வெளிநாட்டுப் பெயிண்ட் வாங்க மாட்டான். கையில் என்ன கிடக்கிறதோ அதைத்தான் அடிப்பான். ஜமீன் பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய பச்சை இருக்கும். கிராதிக் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு இருக்கும். குளத்து மடைக் கதவுக்கு அடிக்கிற தார்க் கருப்பு இருக்கும். பச்சை பாதி இறக்கையோடு தீர்ந்துபோகும். மீதிக்கு வேறு பச்சை வாங்குவான், அது சேராது. தேர் வேலை செய்கிற ஆசாரியைக் கூப்பிட்டு உடும்பு எழுதச் சொன்னால் அது தேர்ச் சிற்பத்து யாளி மாதிரிதான் இருக்கும்.

மாப்பிள்ளை பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

ஜூன் 14, சனி

கடைக்குப் போகும் முன் மாடிக்குக் கூப்பிட்டார்கள். சேராத இரண்டு பச்சை, மூக்கில் ரெட் ஆக்சைடு, யாளி முகத்து உடும்பு. இணையத்தில் பார்த்துவிட்டுப் போலந்திலிருந்து யாரோ ஒருவன், இது காசில்லாத நாடு என்று பார்த்தவுடனே தெரிகிறது, அற்புதம் என்று எழுதியிருக்கிறானாம். மகள் படித்துச் சொன்னாள்.

இரண்டாவது பச்சை இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஏறவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷேடு கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டேன். இனாமாகத்தான்.

ஜூன் 19, வியாழன்

முப்பிடாதி விமானத்தின் படத்தை அவள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். 'எங்க மாப்பிள்ளை வரைஞ்சது' என்று எழுதியும் இருந்தாள். யாரோ எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். மாலைக்குள் எனக்கே ஆறு பேர் அனுப்பினார்கள். கீழே இப்படி இருந்தது: 'மறைக்கப்பட்ட வரலாறு. உடும்பூர் விமானப்படை, 1948. தமிழனாக இருந்தால் பகிரவும்.'

நானும் தவறுதலாக ஒருவருக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஜமீன் பேரன் சின்ன ராசா பொன்னாடையோடு வந்தார். கல்யாண மண்டபமும் கோழித்தீவன ஏஜென்சியும் வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்குப் போர்த்தினார்.

"ராசா, இது கம்ப்யூட்டர்ல செஞ்சது. நடக்காத விசயம்" என்றேன்.

"கம்ப்யூட்டர்லயே இருக்குன்னா ஆதாரம் இருக்குன்னுதான அண்ணாச்சி அர்த்தம். எங்க தாத்தா விமானத்தைப் பத்தி அடிக்கடி பேசுவாருன்னு எங்க அப்பா சொல்லுவாரு. நாங்கதான் காது குடுக்கல."

கூட வந்த பெரியவர் ஒருவர், குளம் வற்றிய வருடம் அது வந்து இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்றார். என்ன நிறம் என்று கேட்டேன். "ரெண்டு பச்சை. ஒண்ணுக்கொண்ணு சேராது" என்றார்.

மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரு பக்கம் பெருமை. அந்த இரண்டாவது பச்சை என்னுடையது.

ஜூன் 27, வெள்ளி

உண்மையை எழுதுகிறேன். நான்கு வருடமாகக் கோடவுனில் தேங்கிக் கிடந்த ஒரு மட்டமான பச்சையை 'உடும்புப் பச்சை' என்று எழுதி முன்னால் அடுக்கினேன். தீர்ந்துவிட்டது. இரண்டு வீடு, ஒரு டீக்கடை, ஒரு நர்சரிப் பள்ளிக்கூடம் எல்லாம் அதே நிறம். மழைக்கு நிற்காது. அதையும் சொல்லித்தான் விற்றேன்.

வெல்ல மண்டி ஆவுடையப்பன் கடைக்கு வந்து டின்னைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, விமானத்துல பைலட்டு பேரு எழுதுவாங்கள்ளா. எங்க தாத்தா பேரைப் போட முடியுமா?" என்றார்.

"உங்க தாத்தா விமானம் ஓட்டினாரா?"

"மாட்டுவண்டி ஓட்டினாரு. ஆனா வேகமா ஓட்டுவாரு."

ஜூலை இருபதாம் தேதி கடைவீதி வணிகர் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு நான் நிற்கிறேன். பாத்திரக்கடை கோமதிநாயகம் ஒன்பது வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். கோடவுன் வண்டிகள் பகலில் வீதிக்குள் வரக்கூடாது என்று தீர்மானம் போட்டது அவர்தான். அதை மாற்றத்தான் நிற்கிறேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. சங்கத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு மட்டும் நாற்காலி போடாமல் விட்டதெல்லாம் இப்போது யார் நினைவில் இருக்கிறது.

ஆவுடையப்பன் கையில் நான்கு ஓட்டு. "போட்டுட்டாப் போச்சு" என்றேன்.

ஜூலை 3, வியாழன்

வேலை இது ஒன்றாகத்தான் இருக்கிறது. அரிசிக்கடைக்காரர் தாத்தா விங் கமாண்டர். மருந்துக்கடைக்காரர் தாத்தா விமானப்படை டாக்டர், அவருக்கும் விங் கமாண்டர் அந்தஸ்து. வேறு இரண்டு தாத்தாக்கள் சொந்த அண்ணன் தம்பி. தம்பிக்கு மேல்பதவி கொடுத்துவிட்டேன் என்று அண்ணன் பேரன் மூன்று நாளாகப் பேசவில்லை. அண்ணனையும் விங் கமாண்டர் ஆக்கினேன். மொத்தம் இருபத்திரண்டு விங் கமாண்டர்கள். எல்லாருக்கும் சரி என்று சொல்லியாகிவிட்டது.

கோமதிநாயகம் சும்மா இருக்கவில்லை. தன் தாத்தாதான் விமானப்படைத் தலைமைத் தளபதி என்று நோட்டீஸே அடித்துவிட்டார். அவர் தாத்தா ஈயம் பூசினவர் என்பது ஊருக்கே தெரியும்.

ஜூலை 9, புதன்

பெயர்களை மகள் மூலமாக மாடிக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை கீழே இறங்கி வந்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"மாமா, நாலு விமானம், நாலு பைலட். இதுல இருபத்திரண்டு விங் கமாண்டர் எப்படிப் போடுறது?"

"நடக்காததுதான மாப்பிள்ளை. நாலு இருந்தா என்ன, நாப்பது இருந்தா என்ன?"

"நடக்காததுதான் மாமா. அதுக்காக நடந்திருக்கவே முடியாததைப் போட முடியாது."

நிற்கவில்லை. மேலே போய்விட்டார். கதவைச் சாத்துகிற சத்தம்கூட மரியாதையாகத்தான் கேட்டது.

ஜூலை 10, வியாழன்

ஆவுடையப்பன் காலையிலேயே வந்து தாத்தா பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டார். கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்துச் சொல்லவேண்டியதை அவரைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.

"சோத்துக்கு ஆகாத பொம்மை, அதுக்கு என்னவே ஒழுங்கு?"

சொன்ன பிறகுதான், கடைவீதியில் கூட்டாளிகளிடம் போடுகிற அந்த 'வே' காதில் விழுந்தது. மாப்பிள்ளையை யாராவது 'வே' போட்டுப் பேசுவார்களா. மகள் பாதிக் கரண்டியோடு நின்றுவிட்டாள். மாப்பிள்ளை இலையை மடித்துவிட்டுக் கை கழுவினார்.

"நீங்க அவர்கிட்ட என்ன சொல்லணுமோ இனி போன்ல சொல்லுங்கப்பா" என்றாள் சிவரஞ்சனி. "ஓசூர்ல அவர் சிநேகிதர் கம்பெனி வச்சிருக்கார். நாங்க கிளம்புறோம்."

ஜூலை 11, வெள்ளி

இருபத்தைந்தாம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு, ஒருவழி. முப்பிடாதி எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை.

போகிறவர்கள் போகட்டும். ஓசூர் என்ன வெளிநாடா.

ஜூலை 13, ஞாயிறு

சின்ன ராசா அவர் மண்டபத்தில் 'விமானப்படை வீரர்களின் வாரிசுகளுக்குப் பாராட்டு' என்று கூட்டம் போட்டார். விழா முடிந்ததும் கேசரி. இருபத்திரண்டு குடும்பமும் வந்திருந்தன. பெண்கள் பட்டுப்புடவை. மாப்பிள்ளைக்கும் அழைப்பு. பெயர் எப்போது ஏறும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் தலையை மட்டும் ஆட்டினார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் பேச எழுந்தேன். கோமதிநாயகம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"எல்லார் தாத்தாவுக்கும் பதவி குடுத்தீங்க அண்ணாச்சி. உங்க அப்பாவுக்கு என்ன பதவி போட்டீங்க?"

பின்னாலிருந்து யாரோ, "பழைய இரும்பு, ஈயம், பித்தளே" என்று ராகம் போட்டுக் கூவினார்கள். என் அப்பா பூலுடையான் பழைய சாமான் வாங்கத் தெருத்தெருவாகக் கூவின அதே ராகம். அவர் செத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இந்த ராகத்தை யார் இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பகலில் கோடவுன் வண்டி விடுவதைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். கேசரியில் நெய் குறைவு.

ஜூலை 14, திங்கள்

கடை அரை நாள். முழங்கால்.

ஜூலை 15, செவ்வாய்

மாப்பிள்ளை கடைக்கு வந்தார். வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. டின்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மகளும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை.

"மாமா, பழைய அலுமினியத்தை எப்படி வாங்குவாங்க? எப்படிப் பிரிப்பாங்க?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. சொன்னேன். அப்பா மடியில் காந்தக்கல் ஒன்று கட்டியிருப்பார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் மற்றது. ஆணி அடித்துச் சேர்த்த தகடாக இருந்தால் ஆணியின் தலையை உளியால் தட்டி எடுத்துவிட்டுத்தான் எடை போடுவார். ஆணிக்குத் தகடு விலை கொடுக்க மாட்டார். பெரிய சாமானாக இருந்தால் கோடாலியால் வெட்ட மாட்டார், மடிப்பு பார்த்துப் பிரிப்பார், தகடு நசுங்கினால் விலை குறையும். வாங்கிய சாமானில் சுண்ணாம்புக்கட்டியால் தன் பெயரையும் 'ரொக்கம்' என்ற வார்த்தையையும் எழுதிவிடுவார். கடன் சொல்லி வாங்கினதில்லை என்று ஊருக்குக் காட்ட. அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த இரண்டு வார்த்தைதான்.

இரண்டு வாடிக்கையாளர்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை காபி வாங்கிவரச் சொன்னார். தன் காசில்.

ஜூலை 19, சனி

மாப்பிள்ளை கடைசி ஸ்கின்னை ஒரு படத்தோடு வெளியே விட்டார். இந்தத் தடவை முப்பிடாதி ஸ்டேட்டஸில் வைக்கும் முன்னால் என்னிடம் காட்டினாள்.

1956. நாடு திவால். உடும்பூர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. வற்றிய குளத்தில் நான்கு ஸ்பிட்ஃபயர் நிற்கின்றன. ஒன்றுக்கு இறக்கையைப் பிரித்து மாட்டுவண்டியில் ஏற்றியிருக்கிறது. மடிப்பு பார்த்துத்தான் பிரித்திருக்கிறது, ஒரு நசுங்கல் இல்லை. ஆணித் தலைகள் தனியாக ஒரு சாக்கில். மிச்சம் நிற்கிற விமானத்தின் பக்கவாட்டில், சேராத இரண்டு பச்சைக்கு நடுவில், சுண்ணாம்புக்கட்டியால் கோணல்மாணலாக எழுதியிருந்தது. 'பூலுடையான் ரொக்கம்.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 'ரொ' சரியாக இருந்தது. அப்பா அந்தக் கொம்பை அப்படித்தான் இழுப்பார் என்பதை நான் அவரிடம் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

"வைக்கவா?" என்றாள் முப்பிடாதி.

"நாளைக்குத் தேர்தல்."

"அதனாலதான் கேக்கேன். வைக்கவா?"

"வை" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

தோற்றேன். கோமதிநாயகமே தலைவர். இருபத்திரண்டு விங் கமாண்டர்களில் மூன்று பேர் எனக்குப் போட்டிருக்கலாம்.

ஓட்டுப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆவுடையப்பன் மறித்துக்கொண்டார். "எங்க தாத்தா ஓட்டின விமானத்தை உங்க அப்பா எடைக்கு வாங்கிட்டுப் போயிருக்காரு. இதை இத்தனை வருசம் மறைச்சிட்டீங்களே அண்ணாச்சி."

"வெல்லம் மட்டும்தான் எடைக்குப் போகும்னு நெனச்சீங்களா?" என்றேன்.

நடக்காத நாட்டில், இல்லாத விமானத்தை, என் அப்பா வாங்கிவிட்டார் என்று ஊரே நம்பிவிட்டது. பெரியவர் ஒருவர், மாட்டுவண்டி போனதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

சின்ன ராசா வந்தார். பொன்னாடை இல்லை.

"விமானத்துக்குப் பாக்கி நிக்குன்னு எங்க அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன் அண்ணாச்சி. உங்க அப்பா குடுக்கல போலிருக்கு."

"படத்துல என்ன எழுதியிருக்கு ராசா?"

"ரொக்கம்னு."

"ரொக்கம்னா?"

பேச்சை மாற்றினார். மண்டபத்துக்கு ஒரு கோட் அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். உடும்புப் பச்சை தீர்ந்துவிட்டது, வேறு நிறம் பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. விடியும் முன் கிளம்பிப் பாபநாசம் ஆற்றில் முங்கி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தேன். மாப்பிள்ளைதான் கார் ஓட்டினார். மலைப்பாதையில் நிதானமாக ஓட்டுகிறார்.

நாளைய டிக்கெட்டைப் பற்றி வழியில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் முப்பிடாதி சொன்னாள், சிவரஞ்சனி நேற்றே ரத்து செய்துவிட்டாளாம். பிடித்தம் போக மீதி திரும்ப வந்துவிட்டதாம். மாடி அறை ஏசி பழசு, புதிது போட்டால் நல்லது என்று மகள் அம்மாவிடம் சொன்னாளாம். எனக்குக் காது கேட்கிற தூரத்தில் நின்றுதான் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்து மாடிக்கு ஏறினேன். நடுவில் இரண்டு தடவை நின்றேன். ஒவ்வொரு ஸ்கின்னோடும் ஒரு குறிப்பு போடுவார்களாம். அந்த விமானம் எந்த நாடு, எந்த வருடம், கடைசியில் என்ன ஆனது என்று. கடைசி ஸ்கின்னுக்கு இன்னும் போடாத குறிப்பை மாப்பிள்ளை எழுதி வைத்திருந்தார். வாசித்துக் காட்டினார். 'ராத்தல் ஆறணா விலைக்கு விற்கப்பட்டது.' ராத்தல் அந்தக் காலத்து எடை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

"மாப்பிள்ளை, ஆறணாவுக்கு எங்க அப்பா வாங்க மாட்டார்."

"ஜமீன் அதுக்குக் கீழ தர மாட்டாங்க மாமா. போர் விமானம்."

"போர் விமானமா இருந்தா என்ன, சோத்துப் போசியா இருந்தா என்ன. தராசுல ஏறினா தகடு. நாலணா."

"நாலு விமானத்தையும் மொத்தமா எடுக்குறீங்க. வேற யாரும் எடுக்க மாட்டாங்க, உண்மைதான். பெயிண்ட் எடைக்கும் நீங்க தகடு விலை குடுக்கணும், அதையும் கழிச்சுக்கறேன். அஞ்சரை."

அட, என்று நினைத்தேன். பெயிண்ட் எடையைச் சொன்னார் பாருங்கள். முப்பது வருடக் கடைக்காரன் எனக்குத் தோன்றவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மகள் வாசலில் வந்து நின்றாள். இரண்டு பேருமே அவளைப் பார்க்கவில்லை. அவர் ஜமீனுக்காகப் பேசினார், நான் அப்பாவுக்காகப் பேசினேன். காபி ஆறிப்போனது. ஒரு கட்டத்தில் நான் எழுந்து, வேண்டாம், வண்டியைத் திருப்பு என்றேன். அவர் என்னைப் போகவிட்டு, நான் வாசல் வரைக்கும் வந்தபின் கூப்பிட்டார். அப்படித்தான் கூப்பிடவேண்டும். கல்லாவுக்கு ஆகிற ஆள்தான்.

முடிந்தது இது. ராத்தலுக்கு நாலே முக்கால் அணா, நான்கு விமானமும் ஒரே லாட், முழுதும் ரொக்கம். ஆணி தனி எடை, இரும்பு விலை. பிரிப்புக் கூலியும் வண்டி வாடகையும் வாங்குகிறவர் பொறுப்பு. உடும்பு எழுதிய வால் தகடு ஒன்று மட்டும் எடையில் சேராது. அது பூலுடையான் வீட்டுக்கு.